முடியரசின் ஊழியர், குடியரசின் துணைவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைப் போர் வரலாற்றைக் கற்கும் மாணவர், வாஷிங்டனுக்கு அடுத்தபடியாக லபாயத் பிரபுவின் பெயரை மறவாது கூறுவர். பத்தொன்பது வயதுடைய பிரஞ்சுச் செல்வர் ஒருவர், இல்லாளையும் இன்ப வாழ்வையும் விட்டுப் பிரிந்து, பிறர் நாட்டு உரிமைக்காகக் கடல் கடந்து சென்றார் என்னுஞ் செய்தி இளைஞர் உள்ளத்தைக் கவர்வது இயல்பே. அதே நாட்களில் அக்கண்டத்தின் தெற்குக் கடற்கரையில், ஆங்கிலேயரின் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றியும், மிசிசிப்பி ஆற்றின் வழியே வெடிமருந்தும் பணமும் சென்று சேரச் செய்தும், அவ்விடுதலைக்கு அரணாக நின்ற ஸ்பானியர் ஒருவர் உளர். அவர் பெயர் பெர்னார்டோ தெ கால்வெஸ் என்பது. இப்பெயரைக் கேட்டறிந்தார் நம்மிடையே மிகச் சிலரே.

லபாயத்துக்கு விடுதலையின்மீது தணியாத வேட்கை இருந்தது. கால்வெஸிடம் அத்தகைய வேட்கையை நாம் காண்கிலோம். அவர் ஸ்பெயின் மன்னரின் ஊழியர். மெக்ஸிக்கோ முதலாகத் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஈறாக, எண்ணிறந்த மக்களை அடக்கியாண்ட பேரரசு ஒன்றின் தளபதி. அத்தகையவர் வேறொரு நாட்டார் தம் மன்னரை எதிர்த்துக் கிளர்ந்தபோது அவர்க்குக் கைகொடுத்தது எங்ஙனம்? அவ்வுதவியை உதவியென்று கொள்வது தகுமா? வீரச் செயல்களைக் காட்டிலும் இவ்வினாக்களே என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தன.

கால்வெஸ் 1746-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், மாலகா நகருக்கு அணித்தாயுள்ள மக்காரவியாயா என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். குடும்பம் பழமையானதேனும் செல்வம் மிக்கதன்று. அக்குடும்பத்தை உயர்த்தியவர் பெர்னார்டோவின் சிறிய தந்தையாராகிய ஜோஸே தெ கால்வெஸ். அவர் கல்வியாலும் முயற்சியாலும் அரசாங்கத்தில் மேம்பட்டு, 1776-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் பொறுப்பான அமைச்சரானார். இளைஞர் பெர்னார்டோ போர்த்துகல் போரிலும், மெக்ஸிக்கோவின் வட எல்லையில் அப்பாச்சி என்னும் பழங்குடியினரோடு நிகழ்ந்த போரிலும், 1775-இல் அல்ஜீர்ஸ் நகரின்மேற் சென்று தோற்று மீண்ட படையிலும் பங்கு கொண்டு, பலமுறை காயமுற்றார். இடையே சில ஆண்டுகள் பிரஞ்சு நாட்டிலிருந்து அம்மொழியைப் பயின்றார். போர்க்களத்திற் பெற்ற தழும்புகளைவிட அம்மொழிப் பயிற்சியே பின்னர் அவருக்கு மிகுதியும் பயன்பட்டது என்பேன்.

அதன் காரணம் லூயிசியானாவின் நிலைமையிற் புலப்படும். மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தை அடுத்த நியூ ஆர்லியன்ஸ் நகரமும், ஆற்றுக்கு மேற்கேயுள்ள பரந்த நிலமும் 1762-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் பிரஞ்சு மன்னரிடமிருந்து ஸ்பெயின் மன்னருக்குக் கைமாறின. குடிமக்களோ பிரஞ்சுக்காரர். தம்மைக் கேளாமலே தம்மை மற்றொருவருக்கு ஈந்தமை கண்டு மனங் கொதித்து, 1768-இல் முதல் ஸ்பானியக் கவர்னரை ஊரைவிட்டு வெளியேற்றினர். அடுத்து வந்தவர் படையோடு வந்து, கலகத் தலைவர் ஐவரைச் சுட்டுக்கொல்வித்தார். இத்தகைய புண் ஆறாத நாட்டுக்கு, 1777-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், முப்பது வயதுடைய கால்வெஸ் கவர்னர் பொறுப்பை ஏற்றார். அவர் மக்களோடு அவர்தம் மொழியிலேயே பேசினார். அவ்வாண்டிலேயே அந்நகரத்துப் பிரஞ்சு வணிகர் ஒருவரின் மகளாகிய பெலிசித்தே என்னும் இளங் கைம்பெண்ணை மணந்தார். ஆண்டவரும் ஆளப்பட்டவரும் உறவினராயினர்.

ஆற்றின் மறுகரையில் இருந்தவர் யாவர்? ஆங்கிலேயர். 1763-ஆம் ஆண்டுச் சமாதானத்தால் புளோரிடா முழுவதையும் அவர் பெற்று, அதன் மேற்குப் பகுதியைத் தனி மாகாணமாக்கி, பென்சக்கோலா நகரைத் தலைநகராக வைத்தனர். மொபீல், மேன்சாக், பேட்டன் ரூஜ், நாட்செஸ் என்னும் இடங்களில் அவருடைய கோட்டைகள் இருந்தன. மிசிசிப்பியின் கீழைக் கரை ஆங்கிலேயரது. மேலைக் கரையும் நியூ ஆர்லியன்ஸும் ஸ்பானியரது. வாய்க்கால் வரப்பின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் நோக்கும் பங்காளிகளைப் போன்று அவ்விருவரும் இருந்தனர்.

இந்நிலையில், 1776-ஆம் ஆண்டு ஜூலையில் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் விடுதலைப் பிரகடனஞ் செய்தன. அவற்றின் கிழக்குக் கடற்கரைத் துறைகளை ஆங்கிலேயரின் கடற்படை சூழ்ந்தது. துப்பாக்கி தாங்க ஆளிருந்தும் அதிலிடுவதற்கு வெடிமருந்து இல்லை. வெர்ஜீனியாவிலிருந்து கிப்ஸன் என்னும் படைத்தலைவர் ஒருவர் சிறு கூட்டத்தோடு ஓகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து மருந்து வேண்டினார். அப்போது கவர்னராக இருந்தவர் கால்வெஸுக்கு முன்னவராகிய உன்சாகா. ஆங்கிலேயரை ஏமாற்றுதற்பொருட்டு அவர் கிப்ஸனைச் சிறையிலடைத்தார். அதே வேளையில் ஏறத்தாழ 9,000 இறாத்தல் வெடிமருந்து ஆற்று வழியே மேற்கே செல்லும் ஸ்பானியச் சரக்கென்னும் பாவனையிற் புறப்பட்டது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவு, எதிர்நீரோட்டம், துடுப்பேயன்றி வேறு துணையில்லை. 1777-ஆம் ஆண்டு வேனிற்காலத் தொடக்கத்தில் அம்மருந்து மேல் ஓகையோவை அடைந்து எல்லைக் கோட்டைகளுக்கு உயிரளித்தது.

உன்சாகா அஞ்சி அஞ்சிச் செய்த இவ்வுதவியைக் கால்வெஸ் துணிந்து பெருக்கினார். அவருக்கு மன்னரின் இரகசிய ஆணையும் இருந்தது. ஸ்பெயின் அப்போது நடுநிலை நாடு. நடுநிலை நாட்டின் கவர்னர் ஒருவர், அண்டையிலுள்ளவரின் பகைவருக்கு வெளிப்படையாக ஆயுதம் வழங்குதல் போர் தொடுத்தற்கு ஒப்பாகும். ஆதலின் இடையே ஒரு வணிகர் வேண்டப்பட்டார். அவ்வணிகரே ஆலிவர் பாலக். அயர்லாந்திற் பிறந்து, ஹவானாவில் வாணிகஞ் செய்து, ஸ்பானிய மொழி கற்று, நியூ ஆர்லியன்ஸிற் குடியேறியவர் அவர். அமெரிக்கக் காங்கிரஸின் முகவராகிய இவர் பெயரால் சரக்குகள் வாங்கப்பட்டன; கால்வெஸ் அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து அவருக்குக் கடன் கொடுத்தார். இங்ஙனம் கொடுத்த தொகை 70,000 பெசோவுக்கு மேற்பட்டது. துணி, மருந்துப் பெட்டி, துப்பாக்கி, வெடிமருந்து யாவும் வணிகச் சரக்காக ஆற்றில் ஏறின. ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் என்னும் வெர்ஜீனியத் தளபதி 1778, 1779-ஆம் ஆண்டுகளில் இல்லினாய்ப் பகுதியை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார் அன்றோ? அவருடைய படைக்கு உணவும் உடையும் வாங்குதற்குப் பாலக்கின் கைச்சீட்டுகளே பெரிதும் உதவின.

1777-இல் கள்ள வாணிகஞ் செய்ததாகக் கூறி, ஆங்கிலேயரின் பதினொரு படகுகளைக் கால்வெஸ் பறிமுதல் செய்தார். அமெரிக்கக் கப்பல்களோ துறைமுகத்தில் இடையூறின்றி வந்து போயின. மறுவருடம் வில்லிங் என்னும் அமெரிக்கர் ஒருவர் ஆற்றின் வழியே இறங்கி, ஆங்கிலேயக் குடிகளின் தோட்டங்களைக் கொள்ளையிட்டுக்கொண்டு நியூ ஆர்லியன்ஸை அடைந்தார். கால்வெஸ் அவருக்குப் புகலிடம் அளித்ததோடு, கொள்ளைப் பொருளை விற்கவும் இடந்தந்தார். ஆங்கிலேயர் போர்க்கப்பலை அனுப்பி மிரட்டியபோதும் அவர் அசையவில்லை. ஆயினும் வில்லிங்குக்கு அஞ்சி ஓடிவந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்கும் அவர் அந்நகரிலேயே அடைக்கலம் கொடுத்தார். வில்லிங்கின் செயலில் வீரத்தினும் சூறையாடலே மிகுதி. கவர்னர் அதனை உணர்ந்தே இருந்தார் போலும்.

1779-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயின் பிரான்சோடு இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டு, ஜூனில் ஆங்கிலேயர்மேற் போர் தொடுத்தது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் குடியரசோடு ஸ்பெயின் எவ்வித உடன்படிக்கையும் செய்யவில்லை. அதன் விடுதலையையும் அங்கீகரிக்கவில்லை. ஜிப்ரால்டரையும் புளோரிடாவையும் மீட்பதே அதன் நோக்கம். அப்போர் அமெரிக்கக் கண்டத்தளவில் நில்லாது கடல்தோறும் பரவியது. நம் கடலூர்க் கோட்டையை 1783-ஆம் ஆண்டு ஜூனில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டதென்னும் செய்தி வந்து அம்முற்றுகை நின்றது. பாஸ்டன் நகரத்திற் பற்றிய தீயின் கடைசிப் பொறி தென்னார்க்காட்டுக் கடற்கரையில் அவிந்தது என்றால் அது மிகையாகாது.

போர்ச் செய்தி கிட்டியதும் கால்வெஸ் ஆங்கிலேயக் கோட்டைகளைத் தாமே முந்தித் தாக்க எண்ணினார். நகரைக் காத்துக்கொண்டிருத்தலே நலமென்று அவருடைய போர்க்குழுவினர் கூறினர். அவர் தம் கருத்தை வெளியிடாமல் படகுகளைத் திரட்டினார். புறப்படும் வேளை நெருங்கிற்று. ஆகஸ்டு 18-ஆம் நாள் பெருஞ் சூறாவளி ஒன்று நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது. வீடுகள் சரிந்தன, திரட்டிய படகுகள் ஆற்றில் அமிழ்ந்தன, உணவும் வெடிமருந்தும் நீரிற் போயின.

வேறொருவராயின் அவ்வாண்டுக்குப் போரைக் கைவிட்டிருப்பர். கால்வெஸ் மக்களை நகரத்துத் திறந்த வெளியிற் கூட்டினார். தம்மை நிலையான கவர்னராக நியமித்து மன்னர் அனுப்பிய கட்டளையைக் கையில் ஏந்தி, நாட்டைக் காப்பதாகச் சத்தியஞ் செய்தாலன்றி அப்பதவியை ஏற்க இயலாதென்றும், மக்கள் துணைநில்லாவிடில் அச்சத்தியம் செய்யத் தமக்கு இயலாதென்றும் கூறினார். வீடிழந்து நின்ற மக்கள் ஆரவாரித்து உறுதி கூறினர். பத்தாண்டுகளுக்கு முன் ஸ்பானியக் கவர்னரை விரட்டிய அதே மக்களல்லரோ இவர்கள்! அமிழ்ந்த படகுகளை மேலெடுத்து, ஆகஸ்டு 27-ஆம் நாள் படை புறப்பட்டது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த திருவள்ளுவர் இப்புறப்பாட்டைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். சூறாவளியால் ஸ்பானியர் செயலற்றுப் போயினர் என்று பகைவர் கருதக்கூடிய காலம் அதுவே.

அப்படையின் தன்மை வியப்புக்குரியது. புறப்பட்டபோது எழுநூற்றுக்குக் குறைந்தவர். பழகிய போர்வீரர் 170 பேரே. மெக்ஸிக்கோவிலிருந்தும் கானரித் தீவுகளிலிருந்தும் புதிதாக வந்தவர், ஊர்க்காவலர், உரிமை பெற்ற நீகிரோவர், கலப்பினத்தவர், பாலக் உள்ளிட்ட அமெரிக்கர் எழுவர் என்போர் ஏனையோர். வழியிற் பிரஞ்சுக் குடியானவரும் செவ்விந்தியரும் சேர்ந்தனர். கூடாரமில்லை, பாதை சேறு, நோயால் பலர் பின்தங்கினர். போர் மூண்ட செய்தியைக் கால்வெஸ் மேன்சாக்கை அணுகிய பின்னரே வீரர்க்குக் கூறினார்.

செப்டம்பர் 7-ஆம் நாள் மேன்சாக் கோட்டை விழுந்தது. அங்கே இருந்தது சிறு காவற்படையே. பேட்டன் ரூஜில் ஆழமான அகழியும் பீரங்கிகளும், டிக்ஸன் என்னும் தளபதியின்கீழ் ஏறத்தாழ ஐந்நூற்றுவரும் இருந்தனர். கால்வெஸ் ஓரிரவு ஒரு கூட்டத்தைக் கோட்டைக்கு ஒருபுறமுள்ள மரச்சோலைக்கு அனுப்பி, மரம் வெட்டும் ஓசை எழுப்பச் செய்தார். அங்கே பீரங்கி மேடை அமைகின்றதென்று கருதிய ஆங்கிலேயர் இரவெல்லாம் அம்மரங்களைச் சுட்டனர். உண்மையான மேடை மற்றொரு புறத்துத் தோட்டமொன்றில் அமைந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 21-ஆம் நாள் காலையிற் பீரங்கிகள் முழங்கின. சில மணி நேரத்தில் டிக்ஸன் பணிந்தார். தம் கையிலில்லாத நாட்செஸ் கோட்டையையும் அவர் ஒப்படைத்தாலன்றிச் சமாதானமில்லையென்று கால்வெஸ் கூற, அதுவும் கிடைத்தது. இவ்வெற்றியைப் பாராட்டிப் புவாத்ரா என்னும் பிரஞ்சு வணிகர் ஒருவர் இயற்றிய கவிதை, லூயிசியானாவின் பிரஞ்சு இலக்கியத்துக்குத் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. ஒரு நாட்டின் இலக்கியம் பரணி பாடித் தொடங்கியது என்பது தமிழ் மாணவனுக்கு இனிக்குஞ் செய்தி.

மறுவருடம் மொபீல். அங்கும் புயல் குறுக்கிட்டது. விரிகுடாவின் மணற்றிட்டுகளில் கப்பல்கள் தட்டி உடைந்தன. உடைந்த மரங்களைக்கொண்டே மதிலேறும் ஏணிகள் செய்யுமாறு கால்வெஸ் பணித்தார். முற்றுகைக்கு முன் அவரும் கோட்டைத் தலைவராகிய டர்ன்போர்டும் ஒருவருக்கொருவர் திராட்சை மதுவும் உணவுப் பண்டங்களும் கையுறையாக அனுப்பிக்கொண்டனர்; உடன் கால்வெஸ் அனுப்பியவற்றுள் ஹவானாச் சுருட்டும் ஒன்று. உழிஞை சூடியவனும் நொச்சி சூடியவனும் இங்ஙனம் விருந்து பரிமாறிக்கொண்டமை நம் புறப்பொருள் நூல்கள் அறியாத துறையாகும். 1780-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் கோட்டை கைப்பட்டது.

எஞ்சியது பென்சக்கோலா. அதுவே தலையாய அரண். 1780 அக்டோபரில் ஹவானாவிலிருந்து பெருங் கப்பற்படை ஒன்று புறப்பட்டது. மூன்றாம் முறையாகச் சூறாவளி எழுந்து அதனைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தது. கால்வெஸ் ஹவானாவுக்கு மீண்டு, தயங்கிய அதிகாரிகளோடு வாதாடி, 1781 பிப்ரவரியில் மறுபடியும் புறப்பட்டு, மார்ச்சு 9-ஆம் நாள் பென்சக்கோலாக் குடாவின் வாயிலிலுள்ள சாந்தா ரோஸா என்னும் தீவில் இறங்கினார்.

குடாவின் வாய் குறுகலானது, ஆழம் குறைந்தது. எதிர்க்கரையில் உயர்ந்த செம்மண் மேட்டின்மீது ஆங்கிலேயரின் பீரங்கிகள். கப்பற்படைத் தலைவர் கால்வோவின் கப்பல் நுழைய முயன்றபோது தரைதட்டியது. இனி ஒரு கப்பலும் நுழையலாகாதென்று அவர் உறுதியாக மறுத்தார். நிலப்படைத் தலைவராகிய கால்வெஸுக்குக் கப்பற்படையின்மேல் அதிகாரமில்லை. படைவீரர் மணற்றீவில் இருக்கின்றனர். கப்பல்கள் வெளியே நிற்கின்றன. ஒரு பெருங்காற்று எழுந்தால் கப்பல்கள் விலகியோட, வீரர் பட்டினியால் மடிவர். மூன்று சூறாவளிகளைக் கண்டவருக்கு அவ்வச்சம் ஏட்டறிவன்று.

லூயிசியானாவின் கவர்னர் என்னும் முறையில், அந்நாட்டுக்குரிய சில சிறு கப்பல்கள் அவருடைய நேர் ஆணைக்கு உட்பட்டிருந்தன. கால்வெஸ் ஆங்கிலேயரின் முப்பத்திரண்டு இறாத்தற் குண்டு ஒன்றைக் கப்பற்படைத் தலைவருக்கு அனுப்பி, மானமும் வீரமும் உடையவர் தம்மைப் பின்தொடரலாமென்று சொல்லி விடுத்தார். மார்ச்சு 18-ஆம் நாள் ‘கால்வெஸ்டவுன்’ என்னும் இருபாய்மரக் கப்பலில் ஏறி, தலைமைக் கொடியை உயர்த்தி, தாம் யாரென்பதைப் பகைவர் அறியுமாறு மரியாதை வேட்டுகள் முழங்கச் செய்து, குடாவினுள் நுழைந்தார். மூன்று சிறு கலங்கள் பின்தொடர்ந்தன. மேட்டிலிருந்து குண்டுகள் பொழிந்தன. பாய்களும் கயிறுகளும் கிழிந்தன, ஒருவரும் காயமுறவில்லை. மறுநாள் கால்வோவின் கப்பல் நீங்கலாக ஏனைய கப்பல்கள் யாவும் உள்ளே வந்தன. பின்னர் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தபோது, ‘யான் ஒருவனே’ என்னும் பொருள்பட்ட இரு சொற்களை அவருடைய குலச் சின்னத்திற் பொறித்துக்கொள்ள அனுமதித்தார். பின்தொடர்ந்த மூன்று கலங்களின் மாலுமிகளுக்கு அச்சொற்கள் எவ்வாறு ஒலித்தனவோ!

முற்றுகை இரண்டு மாதம் நீடித்தது. ஆங்கிலேயத் தளபதி காம்பெலுக்குத் துணையாகச் சாக்தா, கிரீக் என்னும் செவ்விந்தியர் காடுகளில் மறைந்து தாக்கினர். ஏப்ரல் 12-ஆம் நாள் கால்வெஸ் கையிலும் வயிற்றிலும் காயமுற்றார். மொபீலிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும், பின்னர் ஹவானாவிலிருந்தும் துணைப்படைகள் வந்து சேர, முற்றுகையிட்டவர் தொகை ஏழாயிரத்தைக் கடந்தது. அவருட் பிரஞ்சு வீரரும் இருந்தனர். மே 8-ஆம் நாள் காலை ஸ்பானியரின் வெடிகுண்டு ஒன்று ஆங்கிலேயரின் முன்னரணிலுள்ள மருந்துச் சாலையில் வீழ்ந்தது. அரண் அதிர்ந்து பிளந்தது. ஏறத்தாழ நூற்றுவர் ஒரு நொடியில் மாண்டனர். அன்றே வெள்ளைக்கொடி ஏறியது. மே 10-ஆம் நாள் பென்சக்கோலாவும் மேற்கு புளோரிடா முழுவதும் கால்வெஸின் கைப்பட்டன.

இவ்வெற்றியால் அமெரிக்கர் பெற்ற நன்மையாது? மெக்ஸிக்கோக் குடாக்கடலின் வடகரையில் ஆங்கிலேயருக்கு ஒரு துறையும் இல்லாதாயிற்று. தெற்கிலிருந்து மிசிசிப்பி வழியே ஏறிவந்து குடியேற்ற நாடுகளைப் பின்புறமாகத் தாக்கும் வழி அடைபட்டது. 1780 மே மாதத்தில் ஆங்கிலேயர் வடக்கிலிருந்து வந்து செயின்ட் லூயி நகரைத் தாக்கியபோது அங்கும் ஸ்பானியக் காவலர் அவரைத் திருப்பியிருந்தனர். வாஷிங்டனை எதிர்க்கச் சென்றிருக்கக்கூடிய படைகள் பென்சக்கோலாவில் முடங்கிச் சிறைப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில், பிரஞ்சுக் கடற்படைத் தலைவர் தெ கிராஸ் யார்க்டவுனை நோக்கிச் செல்லப் பணமின்றித் தவித்தபோது, கால்வெஸின் உடனுழைப்பாளராகிய சாவேத்ரா ஹவானாவில் 5,00,000 பெசோவை விரைந்து திரட்டிக் கொடுத்தார். அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபு பணிந்தார். அவரே பின்னர் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு பொருதவர்.

எனினும் அமெரிக்கர் பென்சக்கோலா உடன்படிக்கையைக் கண்டு முகஞ் சுளித்தனர். சிறைப்பட்ட ஆங்கிலேய வீரர், ஸ்பெயினுக்கும் அதன் நட்பு நாடுகளுக்கும் எதிராகப் போர் செய்வதில்லை என்னும் வாக்குறுதியின்மேல் நியூயார்க்குக்குச் செல்ல விடப்பட்டனர். அமெரிக்கக் குடியரசோ சட்டப்படி ஸ்பெயினின் நட்பு நாடன்று. ஆதலின் அவ்வாக்குறுதி அமெரிக்கருக்குப் பாதுகாப்பளிக்கவில்லை. கால்வெஸின் துணை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை இவ்வொரு நிகழ்ச்சி தெற்றெனக் காட்டும்.

இதனினும் கசப்பானது ஒன்றுண்டு. பென்சக்கோலா பணிந்த எட்டாம் நாள், 1781 மே 18-இல், பெரு நாட்டின் கூஸ்கோ நகரச் சதுக்கத்தில், இரண்டாம் தூபாக் அமாரு என்னும் பழங்குடித் தலைவர் தம் மனைவியும் மகனும் கண்ணெதிரே கொல்லப்பட்ட பின்னர்த் தாமும் கொடிய முறையிற் கொல்லப்பட்டார். கட்டாய உழைப்பையும் வரிக்கொடுமையையும் எதிர்த்துக் கிளர்ந்ததே அவர் குற்றம். அவ்வரிகளை உயர்த்திய அதிகாரியைப் பெருவுக்கு அனுப்பியவர், நம் கால்வெஸின் சிறிய தந்தையாராகிய அமைச்சர் ஜோஸேயே. ஒரே மன்னரின் பெயரால், ஒரே மாதத்தில், வட அமெரிக்காவில் ஒரு விடுதலைக்கு வழி திறந்தது. தென் அமெரிக்காவில் மற்றொரு விடுதலை மிதிபட்டது. பெருவில் நிகழ்ந்தவற்றிற் பெர்னார்டோவுக்குப் பங்கில்லை. ஆயினும் அவர் ஏந்திய கொடியும் அதுவே என்பதை மறைத்து அவர் புகழ் பாடுதல் நேர்மையாகாது.

ஆதலின் அவர் உதவியைத் தள்ளிவிடலாமோ? அது கூடாதென்பதே என் கருத்து. ஆற்றின் மேல்கோடியில் வெடிமருந்துக்குக் காத்திருந்த எல்லைக் காவலனுக்கு, அனுப்பியவர் உள்ளத்திற் குடியரசுக் கொள்கை இருந்ததா என்று ஆராய நேரமில்லை. மருந்து வந்தது, அவன் பிழைத்தான். கால்வெஸ் தம் மன்னர் இட்ட பணியின் எல்லையளவில் நின்றிருப்பின் நியூ ஆர்லியன்ஸைக் காத்துக்கொண்டு வாளாவிருந்திருக்கலாம். சூறாவளிக்குப் பின்னும் புறப்பட்டதும், தனிக்கலத்தில் நுழைந்ததும் ஆணைக்கு அப்பாற்பட்ட ஆண்மை. அவ்வாண்மையால் நன்மை பெற்றவர் அமெரிக்கர். ஆயினும் அது அவர்பொருட்டு எழுந்ததன்று. இவ்விரண்டனையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பென்சக்கோலாப் போர்க்களத்தில் ஸ்பானியப் படையில் நின்றவருள் மிராண்டா என்னும் வெனெசுவேலா இளைஞரும் ஒருவர். பின்னாளில் அவர் தம் தாய்நாட்டை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கப் போராடி, ஸ்பானியச் சிறையிலேயே 1816-இல் உயிர் நீத்தார். வட அமெரிக்காவின் விடுதலையைத் தாங்கிய கை தன் வீட்டிலும் அவ்வெண்ணத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. மன்னர் அதனை அறிந்திலர்.

1783-ஆம் ஆண்டுச் சமாதானத்தால் புளோரிடா முழுவதும் ஸ்பெயினுக்கு மீண்டது. மறுவருடமே ஸ்பெயின், மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் அமெரிக்கக் கப்பல்கள் செல்லலாகாதென்று தடுத்தது. எந்த ஆற்றின் வழியே வெடிமருந்து ஏறிச் சென்றதோ அந்த ஆறே அமெரிக்கருக்கு மூடப்பட்டது. அது மறுபடி திறந்தது 1795-ஆம் ஆண்டு உடன்படிக்கையாலேதான்.

கால்வெஸ் 1785-இல் தம் தந்தையாருக்குப்பின் மெக்ஸிக்கோவின் வைஸ்ராய் ஆனார். அவ்வாண்டு உறைபனியாற் சோளப் பயிர் அழிந்து கொடிய பஞ்சம் பரவியது. அவர் தம் சொந்தப் பணத்தையும் கொடுத்து, கடனும் வாங்கி, தானியம் வரவழைத்தார். மெக்ஸிக்கோ மக்கள் அவரை மிகவும் நேசித்தனர். அதே கையால் 1786-இல் வட எல்லைத் தளபதிக்கு எழுதிய கட்டளையில், அப்பாச்சி மக்களுக்கு மதுவையும் எளிதிற் பழுதுபடும் துப்பாக்கிகளையும் வழங்கி, அவர் எந்நாளும் ஸ்பானியரை எதிர்பார்த்து வாழுமாறு செய்தல் நலமென்று அறிவுறுத்தினார். ஆங்கிலேயரை வென்ற திறமையும் இக்கட்டளையைத் தீட்டிய திறமையும் ஒன்றே. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள், நாற்பதாம் வயதில், நோயுற்று அங்கேயே இறந்தார்.

அவர் பெயரால் டெக்ஸாஸ் கடற்கரையில் கால்வெஸ்டன் என்னும் நகரம் உள்ளது. அவர் அதனைக் கண்டதில்லை. கடற்கரையை அளந்தவர் இட்ட பெயர் அது. 1900-ஆம் ஆண்டில் ஒரு சூறாவளி அந்நகரை அழித்து ஆறாயிரவருக்கு மேற்பட்டோரை விழுங்கியது. வாழ்நாளில் அவரைத் தொடர்ந்த காற்று, இறந்த பின்னும் அவர் பெயரை விட்டிலது போலும்.

இனிப் பாலக்கின் வரலாறு. அமெரிக்கருக்காகத் தம் கைச்சீட்டின்மேல் வாங்கிய கடன்களைக் காங்கிரஸும் வெர்ஜீனியாவும் உரிய காலத்தில் தீர்க்கவில்லை. அவர் வறியரானார். 1784-இல் ஹவானாவில் கடன்காரர் பொருட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். கியூபாவின் கவர்னராக வந்த கால்வெஸின் தலையீட்டாலேயே மறுவருடம் விடுதலை பெற்றார்.

அதற்கு முன், 1783-ஆம் ஆண்டு மே மாதத்தில், பாலக் கால்வெஸின் உருவப் படம் ஒன்றைக் காங்கிரஸுக்குக் காணிக்கையாக அளித்தார். அதனைத் தம் மன்றத்தில் மாட்டி வைப்பதாகக் காங்கிரஸ் தீர்மானித்தது. படம் மாட்டப்படவில்லை. பின்னர் அமெரிக்கர் மன்றத்துக்குப் புதிய நகரமும் புதிய மாளிகையும் கட்டினர். தீர்மானம் ஏட்டிலேயே உறங்கியது. 231 ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு டிசம்பரில், பழைய படத்தைப் பார்த்து எழுதிய ஒரு படி வாஷிங்டன் மாளிகையில் மாட்டப்பட்டது. அதே மாதம் 16-ஆம் நாள், அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட தீர்மானத்தால் அவருக்குக் கௌரவக் குடியுரிமையும் வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற எண்மருள் லபாயத் ஒருவர், கல்கத்தாவின் தெரசா அன்னையார் ஒருவர், எட்டாமவர் கால்வெஸ்.